எட்டாவது படி

ஹார்லெம், நியூயார்க்
14 அக்டோபர் 1951

அன்புத் தங்கை ஒனீடாவுக்கு,

எல்வுட் எழுதுவது. சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தேன். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பாள். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று குடைகிறது, மற்றபடி குறையில்லை. அறைதான் எலிவளை. சாக்ஸபோன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினால்தான் கதவு திறக்கும்.

பெரிய செய்தி என்னவென்றால், ஹார்லன் டிக்ஸ் என்னைத் தன் குழுவில் சேர்த்திருக்கிறார். ரேடியோவில் அவர் டிரம்பெட்டைக் கேட்டு நாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போமே, அவரேதான். ஆனால் கிறிஸ்துமஸ் வரைக்கும் வெள்ளோட்டம். சரிப்பட்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு டெட்ராய்ட்டுக்கு வந்து கார் ஆலையில் நிற்க வேண்டியதுதான்.

உன்னிடம் மறைப்பானேன், வேகமான பாட்டு வந்தால் எனக்கு உதறுகிறது. நேற்று ஒத்திகை முடிந்ததும் டிக்ஸ் ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ வாசிக்கிற சுரமெல்லாம் சரிதான். ஆனா தாளத்தட்டு விழற நேரத்துல நீ வீட்டுக்குள்ள இருக்கணும். நீ என்னடான்னா வாசல்லயே நிக்கற," என்றார். டிரம்ஸ்காரன் களுக்கென்று சிரித்தான். காதெல்லாம் சுட்டுவிட்டது எனக்கு. இதில் குழுவின் வழக்கம் ஒன்று வேறு. ஒருவர் தனியாக வாசித்து எந்தச் சுரத்தில் விடுகிறாரோ, அடுத்தவர் அதே சுரத்தில் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். டிக்ஸுக்கு அடுத்தவன் நான். அவர் பெரும்பாலும் ஆதார சுரத்தில்தான் விடுகிறார், அந்த மட்டும் பிழைத்தேன்.

திங்கட்கிழமைகளில் நம் வீட்டு முன்னறையில் பையன்களோடு வாசிக்கும்போது நீ வலது கையால் ஒரு வேலை செய்வாய். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் தட்டுக்குத் தட்டு சரியாக வந்து உட்காரும். அது என்ன வித்தை? விவரமாக எழுது. என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

உனக்கும் ஒரு நல்ல செய்தி. பியானோ வாசிக்கும் சில்வெஸ்டர் வசந்த காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு பால்டிமோருக்குத் தபால் வேலைக்குப் போகிறான். அந்த நாற்காலி உனக்குத்தான். டிக்ஸிடம் நானே சொல்கிறேன். இது என் வாக்கு.

அம்மாவுக்கு என் முத்தம்.

எல்வுட்


டெட்ராய்ட்
22 அக்டோபர் 1951

அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். அம்மா கால் அப்படியேதான் இருக்கிறது. நேற்றுகூட உப்புக்கண்டம் போட்டுக் கீரை வேகவைத்துவிட்டு, டாக்டர் தின்னக்கூடாது என்றுதானே சொன்னார், வேகவைக்கக்கூடாது என்று சொன்னாரா என்று கேட்கிறாள். பல்லுக்குக் கிராம்பு வைத்துப் பார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், கேலி செய்வாய். நிஜமாகவா அண்ணா? இந்தச் சலூனில் சூட்டுச் சீப்பைப் பிடித்து ஊரார் தலைமுடியை நீட்டிக்கொண்டே என் விரல் கரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, நீ கேட்டது. பியானோக் கணக்கில் சொல்கிறேன், உன் சாக்ஸபோனுக்கு நீ மாற்றிக்கொள். நிலக்கரி அறைக்கு இறங்கும் நம் வீட்டுப் படி ஏழு. வாளியோடு இறங்கும்போது வலது காலை அழுத்தி வைப்பேன். முதல் படியில் வலது காலை வைத்தால், தரையைத் தொடும்போது இடது கால் வந்து நிற்கும். தினமும் தடுமாறுவேன். ஒருநாள் வாளியும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன். நாம் வாசிப்பதும் இப்படித்தானே என்று தோன்றிற்று. ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசிக்கிறோம். தட்டு விழுவது வலது கால். ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், சுரம் ஏழு: சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், இ, டி. சி-யில் தொடங்கி இறங்கினால் கீழே இருக்கிற சி இடது காலில் மாட்டிக்கொள்கிறது. கார்டில், அதாவது இடது கை சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டில், உள்ள சி, பி ஃப்ளாட், ஜி, இ நாலும்தான் வீடு, மற்றவை தெரு. டிக்ஸ் சொன்ன வாசல் இதுதான்.

அதனால் ஒரு படியைக் கூட்டு. சி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் பி சும்மாதானே கிடக்கிறது, அதையும் மிதித்துக்கொண்டு இறங்கு. சி, பி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், இ, டி. எட்டு ஆயிற்று. இப்போது சி, பி ஃப்ளாட், ஜி, இ நாலும் வலது காலில் விழும். எவ்வளவு தூரம் இறங்கினாலும் தவறாது. மெதுவாக, காலைத் தட்டிக்கொண்டு பழகு.

இந்தப் படியை வைக்கக்கூடாத இடம் ஒன்றும் உண்டு. அது ஒரு தாளில் அடங்காது, விரலைப் பார்த்தால்தான் புரியும். வந்து காட்டுகிறேன்.

டிக்ஸிடம் எப்போது சொல்வாய் என்று எழுது.

தங்கை ஒனீடா


ஹார்லெம்
25 நவம்பர் 1951

என் அருமை ஒனீடா,

நலம், நலமறிய ஆவல். கிராம்பு வைத்தேன். பல்வலி குறையவில்லை, வாய்தான் மணக்கிறது.

தங்கமே, வேலை செய்கிறது. மூன்று வாரம் நான் காலைத் தட்டித் தட்டிப் பழகியதில் கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள். போன வெள்ளிக்கிழமை மேடையில் டிக்ஸ் ஆதார சுரத்தில் விட்டார், நான் பிடித்தேன், இறங்கினேன். ஒவ்வொரு தட்டும் ஆணி அடித்தாற்போல் விழுந்தது. டிரம்ஸ்காரன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முடிந்ததும் டிக்ஸ், "கிறிஸ்துமஸ் வரைக்கும் எதுக்கு? நீ இரு," என்றார். அவ்வளவுதான், நிரந்தரம். அம்மாவிடம் சொல்.

"எங்கேருந்து புடிச்ச இத?" என்றும் கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

உன் விஷயத்தை மறக்கவில்லை. சில்வெஸ்டர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அதைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை. சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

எல்வுட்


டெட்ராய்ட்
10 டிசம்பர் 1951

அண்ணனுக்கு,

உன் நல்ல செய்தியால் வீடே நிமிர்ந்தது. அம்மா பக்கத்து வீட்டு லுவெல்லா அத்தையிடம் போய், "பானை உருட்டற சத்தம்னு சொன்னேன்ல, அதுக்கு நியூயார்க்ல சம்பளம் குடுக்கறாங்களாம்," என்று பெருமையடித்தாள். இத்துடன் பெக்கான் கேக் அனுப்பியிருக்கிறாள். பல்லில் கொட்டை மாட்டிக்கொள்ளப் போகிறது, பார்த்துத் தின்.

இங்கே எனக்கு ஒரு தலைவலி முளைத்திருக்கிறது. நம் திங்கட்கிழமைக் கூட்டத்துச் சேதி யார் மூலமோ நான் ஞாயிறுதோறும் பியானோ வாசிக்கும் சபைக்குப் போய்விட்டது. பாஸ்டர் கிப்ஸ் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்தி வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அன்பாகப் பேசினார். "அம்மாடி, ஒரே கையால கர்த்தருக்கும் வாசிச்சு, திங்கக்கிழமை அந்தச் சாத்தானுக்கும் வாசிக்க முடியாது. ஈஸ்டருக்குள்ள முடிவு சொல்லு," என்றார். திங்கட்கிழமையை விட்டால் நான் பியானோ தொடுவது பக்திப் பாட்டுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அம்மா முகத்தில் விழிக்க முடியாது. நியூயார்க் நாற்காலி நிச்சயம் என்றால் எனக்கு இந்தச் சங்கடமே இல்லை. இரண்டுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நாகரிகம் எல்லாம் சரிதான். ஈஸ்டருக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு அண்ணா. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஒனீடா


பிலடெல்பியா
3 பிப்ரவரி 1952

அன்பு ஒனீடா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றுகிறோம், சாப்பிடவே நேரமில்லை. அம்மாவைக் கவனித்துக்கொள். கேக் அமிர்தம்.

ஒரு சின்னக் கேள்வி. உன் வித்தை சில நாள் பிசகுகிறது, ஏன் என்று புரியவில்லை. டிக்ஸ் இப்போதெல்லாம் வேறு வேறு சுரங்களில் விடுகிறார். நான் பிடித்து இறங்கினால் பழையபடி வாசலிலேயே நிற்கிறேன். முதல் கடிதத்தில் வைக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு என்று எழுதியிருந்தாயே, அது எந்த இடம்? தாளில் அடங்குகிற அளவுக்காவது எழுது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி ரெக்கார்டு எடுக்கிறோம். இசைத்தட்டில் என் பெயர் அச்சாகி வரும். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாற்காலி விஷயம் கொஞ்சம் சிக்கல். டிக்ஸுக்குப் பெண்களைக் குழுவில் வைத்துக்கொள்வது பிடிக்காது போலிருக்கிறது. பேச்சுவாக்கில் ஆழம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்வுட்


டெட்ராய்ட்
18 பிப்ரவரி 1952

அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் இடது கால் வற்றிவிட்டது, வலது கால் இன்னும் செருப்புக்குள் போகவில்லை. இங்கே பனி முழங்கால் உயரம். நீ சாப்பிடாமல் சுற்றுகிறாயே என்று அம்மா புலம்புகிறாள்.

அடுத்த தெரு வெண்டல் போன மாதம் நியூயார்க் வந்திருந்தானாம். நம் கூட்டத்தில் ஆளுயரப் பாஸ் வயலின் வாசிக்கும் அதே வெண்டல்தான். திரும்பி வந்தவன் போன திங்கட்கிழமை வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ஒனீடா, தள்ளு, உனக்கு ஒண்ணு காட்டறேன். நியூயார்க்ல சாக்ஸபோன் பசங்க எல்லாரும் இதத்தான் வாசிக்கறாங்க," என்று பியானோவில் உட்கார்ந்தான். சி, பி, பி ஃப்ளாட், ஏ என்று ஒற்றை விரலால் தட்டிக் காட்டினான்.

"இதுக்குப் பேரு எல்வுட் படி. உங்கண்ணன் கண்டுபுடிச்சது. சுரங்க ரயில் ஸ்டேஷன் படியில எறங்கிட்டிருக்கும்போது தோணிச்சாம், எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கான். வீட்டுல ஒரு வார்த்த சொல்லலியா உங்கிட்ட?"

"சொல்லலியே," என்றேன்.

"பெரிய ஆளாயிட்டான். சரி, நீ வாசி பாப்போம்."

வாசித்தேன். வெண்டல் மெச்சிக்கொண்டான். "பரவாயில்லியே, சட்டுனு புடிச்சிக்கிட்ட. வேகத்துக்குக் கொஞ்சம் பழகணும்," என்றான். பாவம், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். சுரங்க ரயில் படியில் எத்தனை படி என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

பாஸ்டர் மறுபடியும் கேட்டார். ஈஸ்டர் வரை தவணை இருக்கிறது என்றேன். டிக்ஸிடம் ஆழம் பார்த்தது போதும், வாயைத் திறந்து சொல்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஒனீடா


ஹார்லெம்
9 மார்ச் 1952

ஒனீடா,

நான் நலம். அம்மா நலமா?

வெண்டல் ஒரு அரைக்கிறுக்கன் என்பது ஊருக்கே தெரியும். நான் யாரிடமும் பெயர் வைக்கச் சொல்லவில்லை. பையன்கள் எதற்காவது ஒரு பெயர் வைத்துக்கொண்டு திரிவார்கள், அதற்கு நான் பொறுப்பா? முடிதிருத்தும் கடையில் வளவளவென்று பேசும்போது ஏதோ படி என்று சொல்லியிருப்பேன். அதைப் போய் நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. நீயும் நானும் வேறு வேறா?

நான் கேட்டதற்குப் பதில் காணோம். வேலைமும்முரத்தில் மறந்திருப்பாய். அந்த இடம் எது? ரெக்கார்டுக்கு இன்னும் ஒரே மாதம். நேற்று ஒத்திகையில் இரண்டு முறை விழுந்தேன். டிக்ஸ் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். திட்டாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் பல்லும் இதுவும் சேர்ந்து குடைகின்றன.

நாற்காலிக்கு வேறு இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது. நீ பயப்படாதே. ரெக்கார்டு நல்லபடியாக முடியட்டும், டிக்ஸ் மனம் குளிர்ந்திருக்கும்போது உன்னைப் பற்றிச் சொன்னால் மறுக்க மாட்டார். ஆகவே இது உனக்கும் நல்லதுதான். உடனே எழுது.

எல்வுட்


டெட்ராய்ட்
24 மார்ச் 1952

அண்ணனுக்கு,

அம்மா கால் தேவலை. சலூனில் ஈஸ்டர் கூட்டம் தொடங்கிவிட்டது, நிற்க நேரமில்லை.

பாஸ்டருக்கு முடிவு சொல்லிவிட்டேன். நேற்று ஆராதனை முடிந்ததும் பியானோ மூடியைச் சாத்தி, சாவியை அவர் கையில் கொடுத்தேன். "எங்க போற அம்மாடி?" என்று கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நீ நியூயார்க்குக்குக் கிளம்பியபோதுகூட அவள் இப்படி இருந்ததில்லை.

இப்போது என் கையில் ஞாயிறும் இல்லை, நாற்காலியும் இல்லை. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: வந்து காட்டுகிறேன் என்று அக்டோபரில் எழுதியிருந்தேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒனீடா


நியூயார்க்
14 ஏப்ரல் 1952

செல்வி ஒனீடா மேபெரி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் ஹார்லன் டிக்ஸ், உங்கள் அண்ணன் வாசிக்கும் குழுவை நடத்துபவன். முன்பின் தெரியாத பெண்ணுக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை ரெக்கார்டு எடுத்தோம். வேகமான பாட்டு. நான் வாசித்து டி-யில் விட்டேன். எல்வுட்டைச் சோதிப்பதற்காக அல்ல, பாட்டு அங்கே கொண்டுபோய் விட்டது. அவன் டி-யில் பிடித்து, சி, பி, பி ஃப்ளாட் என்று இறங்கினான். கார்டின் சுரம் ஒன்றாவது தட்டில் விழ வேண்டுமே, கடைசிவரைக்கும் விழவில்லை. நிறுத்தினோம். மறுபடியும் எடுத்தோம், அதேதான். மூன்றாவது முறையும் அந்தப் பி-யை மறக்காமல் போட்டான். அந்த இடத்தில் அதை விட்டுவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"அங்க ஏம்ப்பா அதப் போட்ட?" என்று கேட்டேன்.

"அதுதானே விதி."

"விதியக் கண்டுபுடிச்சவன் நீதானே? எங்க போடணும்னு தெரிஞ்சவனுக்கு எங்க போடக்கூடாதுன்னு தெரியாம போகுமா?"

அவன் சாக்ஸபோன் வாய்ப்பகுதியின் நாணல் பட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். "இது யாரோடது எல்வுட்?" என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்து, "என் தங்கச்சியோடது. பியானோ வாசிக்கும்," என்றான். அதுவரைக்கும் அவனுக்குத் தங்கை இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் பகுதியைச் சில்வெஸ்டரை வாசிக்கவைத்து ரெக்கார்டை முடித்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் சில்வெஸ்டர் போகிறான். நீங்கள் வந்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். எனக்குப் பிடித்து, உங்களுக்கும் எங்களைப் பிடித்தால் நாற்காலி உங்களுடையது. பெண் என்று யோசிக்க வேண்டாம். என் அம்மா செயின்ட் லூயிஸில் பியானோ வாசித்துத்தான் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தாள்.

இன்னொரு கேள்வி. உங்கள் அண்ணனைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர் நீங்கள். அவனுக்கு இது தெரியவில்லையா, வரவே வராதா? தெரியவில்லை என்றால் வைத்துக்கொள்கிறேன். வராது என்றால் இந்த மாதத்தோடு முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவேன். பொய்யான நம்பிக்கை கொடுத்து ஒருவனை வைத்திருப்பது பாவம். உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

மரியாதையுடன்,
ஹார்லன் டிக்ஸ்


ஹார்லெம்
15 ஏப்ரல் 1952

என் அருமைத் தங்கை ஒனீடாவுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மா பேச ஆரம்பித்தாளா? என் பல் இன்னும் உயிரை வாங்குகிறது.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். டிக்ஸிடம் உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், குழுவே கூடியிருக்கும்போது சொன்னேன். உடனே உன்னை வரச்சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னேனா இல்லையா? அண்ணன் மேல் கோபப்பட்டாயே.

ரெக்கார்டு முடிந்தது. நேரம் பற்றவில்லை என்று என் பகுதியைக் குறைத்துவிட்டார்கள். அதனால் பரவாயில்லை.

டிக்ஸ் கடிதம் வந்ததா? அதில் என்ன எழுதியிருக்கிறார்? என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா? இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, வேலை அதிகம் என்று நினைக்கிறேன். உடனே எழுது ஒனீடா. மறக்காமல் எழுது.

எல்வுட்


டெட்ராய்ட்
21 ஏப்ரல் 1952

அண்ணனுக்கு,

டிக்ஸ் கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவருடையதை முதலில் பிரித்தேன். ஆகவே புதன்கிழமை நடந்தது எனக்குத் தெரியும். டி-யும் தெரியும், உன் செருப்பும் தெரியும்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சலூனில் ஒரு அம்மாளின் காதைச் சுட்டுவிட்டேன். பேர் வைத்தது போகட்டும். நம் வீட்டு நிலக்கரிப் படியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுரங்க ரயிலில் வைத்தாயே, அதுதான் ஆறவில்லை. அந்த வாளியை நீ ஒருநாளாவது தூக்கியிருக்கிறாயா?

நானும் யோக்கியமில்லை. பிப்ரவரியில் நீ கேட்டபோதே பதிலை எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். மறுநாள் திங்கட்கிழமை, வெண்டல் வந்தான். அவன் போனதும் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மார்ச்சில் இன்னொரு முறை எழுதி, அதையும் போட்டேன். நீ விழ வேண்டும் என்று நினைத்தேன். விழுந்தாய். விழுந்ததைப் படித்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. மூன்று முறையும் மறக்காமல் போட்டான் என்று டிக்ஸ் எழுதியிருந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கேட்டுக்கொள். டி-யில் தொடங்கினால் கூடுதல் படி வேண்டாம். டி, சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், இ, டி, அடுத்தது சி. டி வீடு இல்லை, தெரு. தெருவில் வலது காலை வைத்துக் கிளம்பினால், இருக்கிற ஏழு படியே உன்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடும். பி ஃப்ளாட், ஜி, இ, சி எல்லாம் வலது காலில் விழும். அங்கே போய் ஒன்றைக் கூட்டினால் அடிவரைக்கும் தப்பாகவே போகும். எஃப்-க்கும் ஏ-க்கும் இதே கணக்கு. எங்கே கிளம்புகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். தாளில் அடங்காது என்று எழுதியிருந்தேன். பார், நாலு வரியில் அடங்கிவிட்டது.

உன்னை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று டிக்ஸ் என்னைக் கேட்டிருந்தார். ஆம், என்னைத்தான் கேட்டார். "அவனுக்கு வராமல் இல்லை. தெரியவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை," என்று எழுதிப் போட்டுவிட்டேன். நாளைக் காலையிலிருந்து பழகு. கீழ்வீட்டுக்காரி இடித்தால் இடிக்கட்டும்.

மே மாதம் நாலாம் தேதி ஞாயிறு காலை கிராண்ட் சென்ட்ரலில் வந்து இறங்குகிறேன். லுவெல்லா அத்தை அம்மாவோடு வந்து இருந்துகொள்கிறாள்.

அம்மா பேசிவிட்டாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், குழுவே கூடியிருக்கும்போது சொன்னேன் என்ற இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியாடி, எம்புள்ள வாக்குக் குடுத்தா மாற மாட்டான். தங்கச்சிய நடுத்தெருவுல விட்டுருவானா? நாந்தான் உங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன்," என்று என் தலையைத் தடவினாள். ஒரு மாதம் ஆயிற்று அந்தக் கை என்மேல் பட்டு. செருப்புக்குள் போகாத காலோடு எழுந்துபோய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பாஸ்டர் வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். டிக்ஸ் கடிதத்தை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. இனியும் வாசிக்க மாட்டேன்.

ஆனால் அம்மா நம்பிய அந்தப் பிள்ளை இப்போதைக்குக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறான். அதனால் ஸ்டேஷனுக்குத் தனியாக வராதே. டிக்ஸையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வா, அந்த டிரம்ஸ்காரனும் வரட்டும். அது யாருடைய படி, எந்த வீட்டில் இருக்கிறது என்று அவர்கள் எதிரில் நீ சொல்ல வேண்டும். சொல்லிவிட்டதாகத்தானே எழுதியிருக்கிறாய், இன்னொரு தடவை சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம்? செருப்பைப் பார்த்துச் சொல்லாதே, என்னைப் பார்த்துச் சொல்.

அதற்குள் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடு. அம்மா உனக்குக் கேக் கொடுத்தனுப்புகிறாள்.

ஒனீடா